இரண்டு கூரைகளின் தண்ணீர்

ஸ்ஃபாக்ஸ்,
1996 ஆகஸ்ட் 28

மதிப்பிற்குரிய வசீலா அம்மையார் அவர்களுக்கு,

இறையருளால் தாங்களும், தங்கள் மகன் லுத்ஃபியும், மருமகள் ஹாஜரும் துனிஸ் நகரில் உடல்நலத்தோடு இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே நானும் என் கணவர் தய்யிப் அவர்களும் நலம். அவருடைய முதுகுவலி மட்டும் அவரைவிட மூத்ததைப் போல நடந்துகொள்கிறது.

ஆறு ஆண்டுகள் ஒரே முற்றத்துச் சுவரின் இருபுறமும் வாழ்ந்து, ஒரு சொல்லும் பேசிக்கொள்ளாத இரண்டு ஓரகத்திகளுக்கிடையே கடிதம் வருவது தங்களுக்கு வியப்பளிக்கலாம். தொலைபேசியை நான் தவிர்த்ததற்குக் காரணம் உண்டு. நம் இருவர் குரல்களும் விரைவில் உயரும் தன்மையுடையவை. எழுத்தை மடித்து வைத்து, மறுநாள் எடுத்துப் பார்த்துத் திருத்த இயலும்.

செய்தி இதுதான். தங்கள் கணவர் மொன்ஜி, அவர் ஆன்மா சாந்தியடைக, அந்தச் சுவரை எழுப்பியபோது முற்றம் இரண்டாயிற்று. முற்றத்துக்கு அடியிலுள்ள மழைத்தொட்டி இரண்டாகவில்லை. தங்கள் பக்கம் ஒரு வாய், எங்கள் பக்கம் ஒரு வாய், நடுவே ஒரே நீர். இரு கூரைகளில் விழும் மழையும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. குழாய் நீரைத் தரைக்கும் துணிக்கும் விட்டுவிட்டு, குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஆண்டு முழுவதும் அந்த நீரையே நம்பியிருக்கிறோம்.

ஏப்ரலில் தாங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு மகனிடம் சென்ற பின் தங்கள் கூரையைத் தொட்டவர் எவருமில்லை. நேற்று எங்கள் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று பார்த்தேன். தெற்குக் காற்று கொண்டுவந்த புழுதி விரல்கனத்துக்குப் படிந்திருக்கிறது. புறாக்கள் குடும்பம் நடத்தியிருக்கின்றன. செப்டம்பர் நடுப்பகுதிக்குள் கூரையைப் பெருக்கிச் சுண்ணாம்பு அடித்து, தொட்டிக்குள் நீர் இறங்கும் தூம்பின் வாயைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்தாக வேண்டும். கோடை முழுவதும் சேர்ந்த அழுக்கோடு வரும் முதல் மழை தெருவுக்குத்தான் போக வேண்டும் என்பதை நான் தங்களுக்கு எழுத வேண்டியதில்லை.

ஆகவே, கூரைக்கு ஏறும் படிக்கட்டுக் கதவின் சாவியை அனுப்பி உதவுமாறு வேண்டுகிறேன். சுண்ணாம்பும் உழைப்பும் என்னுடையவை. தொட்டியில் இப்போது முழங்கால் அளவு நீர்கூட இல்லை.

தங்கள் நலம் விழையும்,
மன்னூபியா

⁎

துனிஸ்,
1996 செப்டம்பர் 6

மன்னூபியா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதினெட்டு வருடம் என்னை "அடியே வசீலா" என்று கூப்பிட்டவர் "தாங்கள்" என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும், வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டேனோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். ஹாஜர் பள்ளிக்கூட ஆசிரியை. அவளே வாசித்துவிட்டு, "இந்த அம்மா எந்தக் கல்லூரியில படிச்சாங்க?" என்று கேட்டாள். "எந்தக் கல்லூரியும் இல்ல. அவ பிள்ளைங்க தூக்கிப் போட்ட பாடப்புத்தகத்துல தானாப் படிச்சா" என்றேன். உண்மையை மறைக்கக் கூடாதல்லவா?

சாவியைத் துணியில் சுற்றிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அது படிக்கட்டுக் கதவுக்கு மட்டும்தான். அறைகளைத் திறக்க வேண்டாம்.

ஒரு விஷயம் உங்களிடம் சொல்லியாக வேண்டும். அங்கே என் பங்கு வீட்டை விற்கலாம் என்கிறான் லுத்ஃபி. டயர் வியாபாரி ஒருவர் கேட்கிறார். முற்றத்தில் லாரி நிறுத்த வேண்டுமாம். கீழே பள்ளமிருந்தால் தரை தாங்காது என்று தொட்டியைக் கல்லும் மண்ணும் கொட்டி மூடிவிடுவாராம். அக்டோபர் முடிவதற்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார். நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் அறுபது ஆகிறது. யாரும் பேசாத சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாக ரொட்டி தின்பதைவிட, இங்கே நாலாவது மாடியில் மகனோடு இருப்பது மேல்.

மேல் என்று எழுதிவிட்டேன். இங்கே தண்ணீரைக் கடையில் வாங்கிக் குடிக்கிறார்கள். ஆறு ஆறாகப் பிளாஸ்டிக் புட்டிகள். குடித்து முடித்த புட்டிகள் பால்கனியில் என்னைவிட உயரமாக நிற்கின்றன. அதன் ருசி, காய்ச்சல்காரன் வாயைக் கொப்பளித்துத் துப்பியதைப் போல.

சுண்ணாம்பு அடித்தால் உங்களுக்கு ஒரு வருடத் தண்ணீர் கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். தெரிந்துகொண்டு அடியுங்கள்.

வசீலா

⁎

ஸ்ஃபாக்ஸ்,
1996 செப்டம்பர் 17

அன்பிற்குரிய வசீலாவுக்கு,

"தாங்கள்" என்பதைத் தங்கள் விருப்பப்படியே கைவிடுகிறேன். மரியாதையைக் கேலி செய்யும் உன் வழக்கம் தலைநகரத்திலும் மாறாதது கண்டு நிம்மதியே அடைந்தேன்.

சாவி கிடைத்தது. கதவு திறக்க மறுத்தது. தய்யிப் கீலுக்கு ஆலிவ் எண்ணெய் விட்டார். "நல்ல எண்ணெயையா ஊத்துறீங்க?" என்றேன். "கதவும் ஸ்ஃபாக்ஸ்ல பொறந்ததுதானே, மட்டமான எண்ணெயக் குடிக்குமா?" என்றார். அதன்பின் கதவும் திறந்தது, அவர் முதுகும் பிடித்துக்கொண்டது. எஞ்சிய வேலை முழுவதும் என்னுடையதாயிற்று.

உன் கூரையிலிருந்து நான்கு கூடை புழுதி அள்ளினேன். புறா எச்சத்தைத் தனியே சுரண்டி எடுத்து மாதுளை மரத்தடியில் இட்டேன். அதை வீணாக்குவது பாவம். இரண்டு கூரைகளுக்கும் இரண்டு கை சுண்ணாம்பு அடித்தேன். என் பக்கத்துத் தூம்பையும் உன் பக்கத்துத் தூம்பையும் அடைத்தேன். இப்போது நம் இரு கூரைகளும் தெருமுனையிலிருந்து பார்த்தால் ஒரே வெள்ளைத் துணியை விரித்ததைப் போலத் தோன்றுகின்றன. உன் மேற்குச் சுவரோரம் ஒரு முழ நீளத்துக்கு விரிசல் கண்டிருக்கிறது. அடித்த சுண்ணாம்பு உலர்ந்ததும் அதையும் பூசிவிடுவேன்.

விற்பனை குறித்த செய்தியைப் பலமுறை படித்தேன். உன் வீடு உன்னுடையது. அதில் எனக்குச் சொல்லுரிமை ஏதுமில்லை என்பதை அறிவேன். ஆயினும் தொட்டியை மூடுவது ஒரு வீட்டை விற்பதாகாது, வசீலா. வானம் நம் தலைமேல் கொட்டுவதைத் தெருச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, கடைக்காரனிடம் புட்டி வாங்கும் நிலைக்கு என் வீட்டையும் ஆளாக்குவது அது. இதை நான் கோபமின்றியே எழுதுகிறேன். கோபத்தோடு எழுதிய தாளை அடுப்பிலிட்டுவிட்டு, இது இரண்டாம் முறை எழுதுவது.

உன் மருமகள் வீட்டு நிலை பற்றி ஒரு சொல். அடுக்குமாடி வீட்டிலும் இல்லறம் நடத்தலாம். காய்கறி கழுவும்போது குழாயின் கீழ் ஒரு தட்டு இருக்கட்டும். அந்த நீர் உன் துளசிக்கும் புதினாவுக்கும் போதும். துணி துவைக்கும் இயந்திரம் கடைசியாகத் துப்பும் நீர் ஏறக்குறைய தூய்மையானதே. குழாயின் நுனியை வாளிக்குள் விட்டால் தரை துடைக்க வேறு நீர் வேண்டாம். உருளைக்கிழங்கு வேகவைத்த நீரை ஆறவிட்டுச் செடிக்கு ஊற்று. வெயில் ஏறுமுன் மேற்கு ஜன்னலுக்குப் பழைய போர்வையை நனைத்துக் கட்டினால் மின்விசிறிக்கு வேலை குறையும். இவையெல்லாம் நீ அறியாதவை அல்ல. நினைவூட்டுவது மூத்தவளின் கெட்ட பழக்கம்.

என்றும் உன் நலம் நாடும்,
மன்னூபியா

⁎

துனிஸ்,
1996 செப்டம்பர் 27

மன்னூபியா அவர்களுக்கு,

உங்கள் பேச்சைக் கேட்டு அடி வாங்கப் பார்த்தேன்.

துவைக்கும் இயந்திரத்தின் குழாயை வாளியில் விட்டேன். வாளி சிறியது, இயந்திரம் பெரியது. குளியலறை தாண்டிக் கூடத்துக் கம்பளம்வரை நுரை வந்துவிட்டது. ஹாஜர் பள்ளியிலிருந்து வந்து வாசலில் நின்றாள்.

"மாமி, இது வீடா, குளமா?"

"வாளி சின்னதாப் போச்சும்மா."

"வாளி எதுக்கு மாமி? சாக்கடைன்னு ஒண்ண கண்டுபிடிச்சு நூறு வருஷமாச்சு!"

லுத்ஃபி சிரித்தான். அவன் சிரித்ததுதான் அவளுக்கு அதிகக் கோபம். மூன்று நாள் என்னிடம் "ம்" மட்டும்தான். நான் விடவில்லை. இரண்டு பெரிய வாளி வாங்கி வரச் சொன்னேன்.

நான்காம் நாள் குழாய் நின்றுவிட்டது. எங்கோ பெரிய குழாய் உடைந்து எங்கள் பகுதிக்கே இரண்டரை நாள் தண்ணீர் இல்லை. கடையில் புட்டியும் தீர்ந்துபோயிற்று. கட்டடத்தில் பதினாறு வீடு. கழிவறைக்கு ஊற்றத் தண்ணீர் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். கீழ்வீட்டு டாக்டரம்மா சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். ஹாஜர் அவளிடம், "எங்க மாமி சேத்து வெச்சது" என்று பெருமையாகச் சொல்லி ஊற்றிக் கொடுத்தாள். நான் சமையலறையில் திரும்பி நின்று சிரித்தேன். இப்போது அவளே காய்கறிக்குத் தட்டு வைக்கிறாள். தட்டை எடுக்க மறந்தால் என்னைத்தான் திட்டுகிறாள். நல்ல பிள்ளை. நான் கொஞ்சம் அவசரப்பட்டு அவளைக் கணித்துவிட்டேன்.

கூரையை வெளுத்ததற்கு நன்றி. அந்த விரிசல் மொன்ஜி இருக்கும்போதே இருந்தது.

மொன்ஜி இறந்த வாரம், ஏழு நாளும் நீங்கள் சுவர்மேல் கூஸ்கூஸ் வைத்தீர்கள். ஏழு நாளும் நான் பாத்திரத்தைக் கழுவிக் காலியாகத் திருப்பி வைத்தேன். காலியாகத் திருப்புவது நம் வழக்கமில்லை என்று தெரிந்தேதான் செய்தேன். ஒரு பிடி பேரீச்சை போட்டிருக்கலாம். இரண்டு வருடமாக அது எனக்கு நெஞ்சில் இருக்கிறது. சொல்லிவிட்டேன், இனி இருக்காது.

விற்பனை பற்றி இன்னும் பதில் சொல்லவில்லை. லுத்ஃபி தினமும் கேட்கிறான்.

வசீலா

⁎

ஸ்ஃபாக்ஸ்,
1996 அக்டோபர் 5

அன்பு வசீலாவுக்கு,

இந்தக் கடிதத்தை மெதுவாகப் படி.

நேற்று முன்தினம், வியாழனன்று, மழை பெய்தது. நண்பகல் தொழுகைக்குப் பின் தய்யிப் உறங்கிக்கொண்டிருந்தார். நான் உனக்கு எழுதிய கடிதமொன்றைச் செம்மையாகப் படியெடுத்துக்கொண்டிருந்தேன். இடி இடித்தபோதும் நான் எழவில்லை. இரு தூம்புகளும் அடைத்தவை என்ற கர்வத்தோடு, முதல் மழை தெருவில் ஓடும் ஒலியைக் கேட்டுக்கொண்டே இன்னொரு பத்தியை எழுதினேன்.

சற்று நேரத்தில் வேறோர் ஒலி கேட்டது. நீர் தொட்டிக்குள் விழும் ஒலி.

திங்களன்று உன் மேற்குச் சுவரின் விரிசலைப் பூசினேன். சாந்து வழிந்து தூம்பின் வாயில் இறுகிவிடாமலிருக்க, அடைப்பைப் பிடுங்கி அருகே வைத்தேன். வேலை முடிந்ததும் வாளியையும் பூச்சுக் கரணையையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். அடைப்பு வைத்த இடத்திலேயே இருந்தது. மூன்று நாட்கள் அங்கேயே இருந்தது. நான் ஓடிப்போய்ப் பார்க்கையில் உன் கூரையின் புழுதியும், புதிய சுண்ணாம்பின் பாலும், எல்லாமும் வண்டல் குழியைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டிருந்தன.

எழுந்து வந்த தய்யிப் வாளியை இறக்கி ஒரு கை அள்ளி நாவில் வைத்துப் பார்த்துத் துப்பினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அந்தப் பக்கத்துக் கூரைதானே, மன்னூபியா?"

"ஆமா."

"அப்ப விடு. அந்தப் பக்கம் ஆள் இல்லாத வீடு. அடைப்பு பழசு, புட்டுக்கிச்சுன்னு எழுதிப் போடு. யாரு பாத்தா?"

அவர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. என் முகம் அவருக்கு இரக்கமூட்டியிருக்க வேண்டும். நானும் அவ்வாறே ஒரு கடிதம் எழுதினேன் என்பதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. மிக நேர்த்தியான கடிதம் அது. "காலத்தால் நைந்த அடைப்பு" என்றொரு தொடர்கூட அதில் இருந்தது. வாசித்துப் பார்த்தேன். பிழையொன்றும் இல்லை. அதையும் அடுப்பிலிட்டேன்.

தவறு என்னுடையது. உன் கூரை, உன் தூம்பு, ஆனால் என் கை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அடைப்பை வைக்கும் முறை உன்னுடையதாக இருந்தது. நீ மறந்தாய். நானோ அதை மறவாதிருப்பதையே ஆறு ஆண்டுத் தொழிலாகக் கொண்டிருந்தேன். மறப்பது எவ்வளவு எளிது என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. அதற்கு ஒரு கெட்ட மனம் தேவையில்லை. ஒரு கையில் வாளியும் மறு கையில் கரணையும் போதும்.

இரண்டு நாட்களாக இறைத்துக்கொண்டிருக்கிறேன். நல்ல வேளையாகத் தொட்டி ஏறக்குறைய வறண்டிருந்தது. அந்த நீரையும் தெருவில் விடவில்லை. பீப்பாய்களில் தெளியவைத்து, முற்றத்துக்கும் மாடிப்படிக்கும் சுண்ணாம்பு கரைக்க வைத்திருக்கிறேன். மீதியைத் தரை கழுவவும் அத்திமரத்துக்கும் ஊற்றுகிறேன். நாளை உள்ளே இறங்கி அடியைத் துடைப்பேன்.

என்னை மன்னிக்குமாறு கேட்கிறேன்.

மன்னூபியா

⁎

துனிஸ்,
1996 அக்டோபர் 12

மன்னூபியா அக்கா,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒரு முறை ஹாஜரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

தண்ணீர் கெட்டதற்கு எனக்குக் கோபம் இல்லை. கூரை வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு நாள் மறப்பார்கள்.

அன்று அடைப்பை மறந்தது நான்தான். அதை நான் ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை. நீங்கள் வீட்டில் என்னைத் திட்டியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பேன். அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன். ஆனால் நீங்கள் அதை எங்கே சொன்னீர்கள்? நம் நாத்தனார் மகளின் மருதாணி அன்று, நான் வந்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கக் கூஜாவைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது, "அவ கையால தண்ணி வாங்காதீங்க, கூரையக் கழுவத் தெரியாதவ" என்றீர்கள். என் முன்னால் நீண்டிருந்த ஒரு கை, கோப்பையோடு பின்னால் போயிற்று. அந்தக் கையை நான் இன்றும் பார்க்கிறேன். அந்த வாரம்தான் மொன்ஜியிடம் சுவர் வேண்டும் என்றேன்.

மன்னிப்பை ஒருத்தியின் காதில் சொல்கிறீர்கள். பழியை நாற்பது பேர் காதில் சொன்னீர்கள். கணக்கு சரியாக வரவில்லை, அக்கா.

வீட்டை விற்பதும் விற்காததும் வேறு பேச்சு. அதை இதோடு கட்ட மாட்டேன். நீங்கள் சொன்னாலும் விற்கலாம், சொல்லாவிட்டாலும் விற்காமல் இருக்கலாம்.

உள்ளே இறங்கித் துடைக்க வேண்டாம். உங்களுக்கு அறுபத்தாறு ஆகிறது. ஆள் வையுங்கள்.

வசீலா

⁎

ஸ்ஃபாக்ஸ்,
1996 அக்டோபர் 27

அன்பு வசீலாவுக்கு,

உள்ளே இறங்கினேன். உன் அறிவுரை வருவதற்குப் பத்து நாட்கள் முன்பே இறங்கிவிட்டதால், மீறியதாகக் கொள்ளாதே.

இருபதாம் தேதி இரண்டாம் மழை பெய்தது. முதல் நாழிகையைத் தெருவுக்கு விட்டுவிட்டு, இரண்டு அடைப்புகளையும் நானே எடுத்தேன். நீர் இப்போது நான்கு முழம் நிற்கிறது. தெளிந்திருக்கிறது.

இனி நீ கேட்டதைச் சொல்கிறேன்.

நம் நாத்தனாரின் இளைய மகளுக்குப் புதனன்று மாலை மருதாணி. அழைப்பு முன்பே வந்திருந்தது. "போகாம இருந்துடேன். உனக்குத் தலைவலின்னு நான் சொல்லிக்கிறேன்" என்றார் தய்யிப். "எனக்கு இதுவரைக்கும் தலைவலியே வந்ததில்லன்னு ஊருக்கே தெரியும்" என்றேன்.

மூன்று பக்கங்களுக்கு ஓர் உரை எழுதியிருந்தேன். நல்ல உரை. மணப்பெண்ணின் ஒரு கைக்கு மருதாணி வைத்து முடிந்து, தாளம் தட்டுபவள் இளைப்பாறிய நேரத்தில் எழுந்து நின்றேன். அந்தத் தாள்கள் என் கைப்பையிலேயே இருந்துவிட்டன. நின்றதும் அவற்றில் ஒரு சொல்லும் எனக்கு வரவில்லை. வந்ததை, வந்தபடியே உனக்கு எழுதுகிறேன். இலக்கணம் பார்க்காதே.

"ஆறு வருஷத்துக்கு முந்தி, இதே வீட்டுல, வசீலா கையால தண்ணி வாங்காதீங்கன்னு சொன்னேன். ஞாபகம் இருக்கறவங்களுக்குச் சொல்றேன். இந்த வருஷம் அவ கூரைல அடைப்பைப் பிடுங்கிப் போட்டுட்டு, அழுக்குத் தண்ணிய உள்ள விட்டது நான். அவ ஒரு தடவ மறந்தா, நானும் ஒரு தடவ மறந்தேன். அவளை மட்டும் உங்க முன்னாடி வெச்சு அசிங்கப்படுத்தினேன். நான் செஞ்சது தப்பு. அவ கைத் தண்ணி சுத்தம். எப்பவும் சுத்தம்."

கிழவி சலூஹாதான் முதலில் வாய் திறந்தாள்.

"முடிஞ்சுதாடி? அந்தப் புள்ள கை காயுது. இன்னொரு கைய எவ வெக்கிறது?"

பின்னாலிருந்து ஒருத்தி, "அப்ப உங்க வீட்டுக்கு வந்தா குடிக்க என்ன தருவீங்க, சுண்ணாம்புத் தண்ணியா?" என்றாள். "உனக்குன்னா வெத்தலையும் சேத்துத் தர்றேன்னு சொல்லுவேன், ஆனா நம்ம ஊர்ல அது இல்லியே" என்று, நம் தெருமுனைக் கடையில் மசாலா விற்கும் இந்தியரிடம் கேள்விப்பட்டதை வைத்துச் சமாளித்தேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று எழுதினால் அது பொய். நாத்தனார் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

நாற்பது பேர் என்று நீ எழுதியிருந்தாய். புதனன்று எண்ணிப் பார்த்தேன். அன்றைக்கு இருந்தவர்களில் முப்பத்தொருவர்தான் வந்திருந்தனர். இருவர் இறந்துவிட்டனர். மீதி எழுவர் வீடுகளுக்கும் வியாழன், வெள்ளி, சனி ஆகிய நாட்களில் நேரில் சென்று சொன்னேன். ஒருத்தி காது கேளாதவளாகிவிட்டாள். அவளிடம் கத்திச் சொன்னேன். அது அவள் தெரு முழுவதற்கும் கேட்டிருக்கும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். இன்னொருத்தி, உன் முன்னால் கோப்பையை நீட்டிப் பின்வாங்கியவள் தான்தான் என்று கூறி அழுதாள். பெயரை நான் எழுதவில்லை. அவளே உனக்குச் சொல்ல விரும்புகிறாள்.

இறந்த இருவருக்காக என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டைப் பற்றி நான் எதுவும் கேட்கமாட்டேன். கேட்டால், செய்ததற்குக் கூலி கேட்டதாகிவிடும். விற்பாயானால் நான் எங்கள் கூரைக்கென்று முற்றத்தின் இந்தப் பக்கத்தில் இரண்டு பெரிய பீப்பாய்கள் வைத்துக்கொள்வேன். அதற்கும் வழியுண்டு. இரண்டு பேருக்கு எவ்வளவு நீர் வேண்டும்?

என்றும்,
மன்னூபியா

⁎

துனிஸ்,
1996 நவம்பர் 3

மன்னூபியா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு முன்பே நான்கு பேர் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். நான்கு பேரும் நான்கு விதமாகச் சொன்னார்கள். ஒருத்தி கதையில் நீங்கள் மயங்கி விழுந்தீர்கள். உங்கள் கடிதத்தில் விழவில்லை. உங்களைத்தான் நம்புகிறேன்.

நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். தொலைபேசியை வைத்துவிட்டுப் பால்கனியில் போய் உட்கார்ந்தேன். அந்த நிலையில் உங்களை நிற்க வைத்துவிட்டோமே என்றுதான் இருந்தது. அறுபத்தாறு வயதில் ஏழு வீட்டு வாசல். அதற்காகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று எழுதமாட்டேன். சொல்லியிருக்கத்தான் வேண்டும். இரண்டும் உண்மை.

லுத்ஃபியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "ஏம்மா, திடீர்னு?" என்றான். "திடீர்னு இல்லடா. நான் இன்னும் விக்கலாம்னே சொல்லலையே" என்றேன். ஹாஜர்தான் அவனைப் பிடித்து நிறுத்தினாள். "மாமி ஊருக்குப் போனா என் வாளிய யாரு பாத்துக்குவா?" என்று மட்டும் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். பள்ளி விடுமுறைக்கு வருகிறேன் என்கிறாள். அந்தத் தண்ணீரில் காப்பி போட்டுக் குடித்துப் பார்க்க வேண்டுமாம்.

பதினான்காம் தேதி, வியாழக்கிழமை ரயிலில் வருகிறேன். நிலையத்துக்கு வராதீர்கள். உங்களைப் பார்த்ததும் ஜனங்கள் முன்னால் அழுவேன். அதைப் பார்க்க அந்த ஊரில் இனி யாருக்கும் கொடுத்துவைக்க வேண்டாம்.

சுவரை இடிக்கலாம் என்று மூத்தவர் தொலைபேசியில் லுத்ஃபியிடம் சொன்னாராம். அவருக்கு முதுகு சரியில்லை, பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். சுவர் இருக்கட்டும். மொன்ஜி கட்டியது. அதில் ஒரு கதவு மட்டும் வைக்கலாம். அகலம் வேண்டாம், ஒரு நேரத்தில் ஒருத்தி நுழைந்தால் போதும். தாழ்ப்பாள் என் பக்கம் இருக்கட்டும்.

அக்கா, நாம் இருவரும் எப்படிப்பட்டவர்கள் என்று நமக்குத் தெரியும். சில நாள் எனக்கு உங்களைப் பார்க்கப் பிடிக்காது. அன்றைக்குத் தாழ் போட்டிருப்பேன். தட்டாதீர்கள், கடிதமும் எழுதாதீர்கள். மறுநாள் காலையில் நானே திறப்பேன்.

உங்கள்,
வசீலா